திண்டுக்கல் சமவெளியில் கிராமியப் பல்கலைக்கழக வளாகம் உருவான வரலாறு: காந்திகிராமம், 1947–2022

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்துப் பல்கலைக்கழகங்கள் பலவும் நகர எல்லைக்கு வெளியே வளாகம் அமைத்தன. நகரத்தில் இடம் போதாமையே பெரும்பாலும் அதற்குக் காரணம். திண்டுக்கல்லுக்குத் தெற்கே சின்னாளபட்டியை அடுத்து வளர்ந்த காந்திகிராமம் இப்போக்கிலிருந்து வேறுபட்டது. 1947இல் தொண்டுக் குடியிருப்பாகவும், 1956இல் கிராமிய உயர்கல்வி நிலையமாகவும், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் அது படிமுறையில் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் வளாகத்துக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் இருந்த உறவு எவ்வாறு திருத்தி அமைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திண்டுக்கல் நகரம் அவ்வளாகத்தை நோக்கி விரிந்துவரும் இன்றைய சூழலில் ‘கிராமியம்’ என்னும் சொல்லின் பொருள் என்ன என்ற வினாவையும் அது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: காந்திகிராமம், சின்னாளபட்டி, திண்டுக்கல், கிராமிய உயர்கல்வி, ஆதாரக் கல்வி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம், புறநகர் வளாகம்.

முன்னுரை

பல்கலைக்கழக வரலாறுகள் பெரும்பாலும் சட்டங்களையும் துணைவேந்தர்களையும் துறைகளையும் மையமாக வைத்து எழுதப்பட்டுள்ளன. அப்பல்கலைக்கழகம் எந்த மண்ணில் நிற்கிறது, அங்கு ஏன் நிற்கிறது என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரம் நகரை ஒட்டித் தனிநகராகவே அமைந்தது. 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் நகருக்கு மேற்கே நாகமலைப் புதுக்கோட்டையில் தன் நிலையான வளாகத்தை அமைத்துக்கொண்டது. 1982இல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகம் திருச்சிராப்பள்ளி – புதுக்கோட்டைச் சாலையில் பல்கலைப்பேரூரை எழுப்பியது. இவை மூன்றிலும் ஊர்ப்புறம் என்பது முதன்மையாகப் பரந்த நிலம். வகுப்பறை, நூலகம், விடுதி ஆகியவற்றை ஒருங்கே அமைப்பதற்கான வெளி. அங்கே கற்பிக்கப்பட்டவற்றை அவ்வூர்ப்புறம் தீர்மானிக்கவில்லை.

காந்திகிராமத்தின் நிலை வேறு. அங்கே ஊர்ப்புறம் வளாகத்தின் இருப்பிடமாக மட்டுமன்றி அதன் பாடப்பொருளாகவும் கருதப்பட்டது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது, எந்த அளவுக்கு நிலைத்தது என்பனவே இக்கட்டுரையின் ஆய்வு வினாக்கள்.

இடத்தின் இயல்பு

காந்திகிராமம் திண்டுக்கல் நகரிலிருந்து மதுரை செல்லும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரும் எல்லையிட, இடையே விரிந்த மானாவாரிச் சமவெளி இது. 1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை அமைந்தபின் இச்சமவெளி இரு நகரங்களுக்கு இடைப்பட்ட வழித்தடமாயிற்று. அம்பாத்துரை தொடர்வண்டி நிலையமே காந்திகிராமத்தின் வாயில். 1946ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரை, பழனி ஆகிய ஊர்களுக்குக் காந்தி மேற்கொண்ட பயணத்தில் இந்நிலையத்தில் மக்கள் அவரைக் காணத் திரண்டனர். அந்நிகழ்வு இவ்வட்டாரத்தின் நினைவில் இன்றும் போற்றப்படுகிறது.

இங்குக் கருதத்தக்க செய்திகள் இரண்டு. முதலாவது, காந்திகிராமம் தொடக்கத்திலிருந்தே ஒதுக்குப்புறமான சிற்றூர் அன்று. இருப்புப்பாதையும் பெருஞ்சாலையும் அருகருகே ஓடும் இடத்தில் அது அமைந்தது. இரண்டாவது, அதன் அண்டை ஊரான சின்னாளபட்டி உழவை மட்டும் நம்பிய ஊர் அன்று. அது கைத்தறி நெசவால் பெயர்பெற்ற ஊர். தறியும் சாயமும் நூல் வணிகமும் அவ்வூரைத் திண்டுக்கல், மதுரைச் சந்தைகளோடு பிணைத்திருந்தன. ஆகவே காந்திகிராமம் எதிர்கொண்ட ‘கிராமம்’ தன்னிறைவு பெற்ற தனித்தீவு அன்று. நகரச் சந்தையின் ஏற்றத்தாழ்வுக்கு ஆட்பட்ட கைவினைச் சமூகமும் அதைச் சூழ்ந்த வேளாண் ஊர்களும் சேர்ந்த ஒரு தொகுதி. இவ்விடத்தைப் புறநகர் என்று அழைக்க 1947இல் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் நகரோடு கொண்ட தொடர்பு அன்றே அங்கிருந்தது.

முதற்கட்டம்: தொண்டுக் குடியிருப்பு (1947–1956)

1947 அக்டோபர் 7ஆம் நாள் காந்திகிராமம் தொடங்கப்பட்டது. நிறுவியோர் மருத்துவர் தி. சு. சௌந்தரமும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரனும். இருவரின் பின்புலமும் வளாகத்தின் பிற்கால அமைப்பை விளக்குவதால் அவற்றைச் சுருக்கமாகக் காண்பது தேவையாகிறது.

சௌந்தரம் தொழிலதிபர் தி. வே. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளமையிலேயே கணவரை இழந்தவர். அதன்பின் தில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1940இல் காந்தியின் இசைவோடு இராமச்சந்திரனை மணந்தார். கஸ்தூர்பா நினைவு அறக்கட்டளையின் தமிழகப் பணிகளில் முன்னின்று, ஊர்ப்புறப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான பணியாளர்களைப் பயிற்றுவிப்பதில் ஈடுபட்டார். இராமச்சந்திரன் கேரளத்தைச் சேர்ந்தவர்; சாந்திநிகேதனில் தாகூரின் மாணவர்; பின்னர்க் காந்தியின் நிர்மாணப் பணிகளில் இணைந்தவர்.

நிறுவியோருள் ஒருவர் மருத்துவராக இருந்தமையால் காந்திகிராமத்தில் கல்லூரிக்கு முன்பே மருத்துவப் பணி வந்தது. சின்னாளபட்டியில் சிறிய அளவில் தொடங்கிய மகப்பேற்றுப் பணி காலப்போக்கில் கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இல்லம், ஆதாரக் கல்விப் பள்ளி, ஆசிரியர் பயிற்சி, கதர் மற்றும் சிற்றூர்த் தொழில்கள் ஆகியன அடுத்தடுத்து அமைந்தன. 1937இல் வார்தா மாநாட்டில் உருப்பெற்ற ஆதாரக் கல்விக் கொள்கை, கைத்தொழில் வழியே கல்வி கற்பிக்க வேண்டும் என்றது. சாந்திநிகேதனுக்கு அருகே 1922இல் தாகூர் தொடங்கிய ஸ்ரீநிகேதன், கல்வி நிலையத்துக்கு அண்மையிலுள்ள ஊர்களின் மீட்டுருவாக்கத்தைக் கல்வியின் பகுதியாகக் கொண்டது. இவ்விரு மரபுகளும் காந்திகிராமத்தில் சந்தித்தன. இராமச்சந்திரன் இரண்டையும் நேரடியாக அறிந்தவர் என்பது இதற்குத் துணைசெய்தது.

இக்கட்டத்தில் ‘வளாகம்’ என்ற கருத்தே தெளிவாக இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தேவையை ஒட்டி எழுந்தது. நெசவாளர் வீட்டு மகப்பேறு, பள்ளி செல்லாத குழந்தை, கணவரை இழந்த பெண்ணின் வாழ்வாதாரம் என்பன போன்ற தேவைகளே கட்டடங்களுக்கான காரணங்கள். கற்பித்தல் தொண்டினின்றும் வேறுபட்ட தனிச்செயலாக அப்போது பிரியவில்லை.

இரண்டாங்கட்டம்: கிராமிய உயர்கல்வி நிலையம் (1956–1976)

இதே காலத்தில் தேசிய அளவில் வேறொரு சிந்தனை உருவாகிவந்தது. 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் 1949இல் அறிக்கை அளித்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் ஜாகீர் உசேனும் அக்குழுவில் உறுப்பினர்கள். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவராகவும், அதற்குமுன் ஆன்டியாக் கல்லூரியின் தலைவராகவும் விளங்கிய ஆர்தர் மார்கனும் ஓர் உறுப்பினர். கிராமியப் பல்கலைக்கழகம் என்னும் கருத்துக்கு அறிக்கையில் தனி இயல் அமைந்ததில் மார்கனின் பங்கு பெரிது. டென்மார்க்கின் மக்கள் பள்ளி மரபும் காந்தியின் ஆதாரக் கல்வியும் அவ்வியலில் ஒருங்கே மதிப்பிடப்பட்டன.

அவ்வியல் முன்வைத்த வளாக அமைப்பு கவனத்துக்குரியது. ஒரே பெருங்கட்டடத் தொகுதிக்கு மாற்றாக, நடுவில் பல்கலைக்கழக வசதிகளும் அவற்றைச் சூழ்ந்து சிறிய உறைவிடக் கல்லூரிகளும் அமைய வேண்டும் என்றது. ஒரு கல்லூரியில் ஏறக்குறைய 300 மாணவர், முழுப் பல்கலைக்கழகத்திலும் ஏறக்குறைய 2,500 மாணவர் என்பது அதன் அளவுகோல். மாணவர் படிப்போடு உடலுழைப்பிலும் ஊர்ப்பணியிலும் பங்கேற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சிறிய அளவு, சிதறிய அமைப்பு, உறைவிட வாழ்வு ஆகிய மூன்றும் அதன் இலக்கணங்கள்.

முழுப் பல்கலைக்கழகங்களைத் தொடங்க அரசு உடனே முன்வரவில்லை. கா. லா. ஸ்ரீமாலி தலைமையிலான கிராமிய உயர்கல்விக் குழு 1954–55இல் இச்சிக்கலை ஆராய்ந்து, ஏற்கெனவே ஊர்ப்புறங்களில் தொண்டாற்றிவந்த நிறுவனங்களைக் கிராமிய உயர்கல்வி நிலையங்களாக வளர்க்கலாம் என்ற வழியைக் காட்டியது. 1956இல் கிராமிய உயர்கல்விக்கான தேசிய மன்றம் அமைந்தது. தமிழகத்தில் காந்திகிராமமும், கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் இத்திட்டத்தில் இடம்பெற்றன. ஸ்ரீநிகேதன், தில்லி ஜாமியா, உதயப்பூர் வித்யா பவன் ஆகியவற்றிலும் இத்தகைய நிலையங்கள் அமைந்தன.

திட்டத்தின் தலையாய படிப்பு கிராமியப் பணிகளுக்கான மூன்றாண்டுப் பட்டயம். கூட்டுறவு, சமூக மேம்பாடு, கிராமியத் தொழில்கள் போன்றன அதன் உள்ளடக்கம். குடிமைப் பொறியியல் மற்றும் கிராமியப் பொறியியல் பட்டயம், வேளாண்மைச் சான்றிதழ் போன்றனவும் இத்திட்டத்தில் இருந்தன. ஐந்தாண்டுத் திட்டங்களின் சமூக மேம்பாட்டு வட்டாரங்களுக்குப் பயிற்சிபெற்ற பணியாளர் தேவைப்பட்ட காலம் அது. கல்வி நிலையமும் அரசுத் திட்டமும் ஒரே திசையில் நோக்கியதால் காந்திகிராமத்தின் கள ஆய்வுகளுக்கு நேரடிப் பயன் இருந்தது.

இதற்குச் சிறந்த சான்று ஆத்தூர் வட்டார நலத்திட்டம். 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு அவ்வட்டாரத்தில் முன்னோடி நலவாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. துணை நலவாழ்வு நிலையங்களின் பணி, பணியாளர் பயிற்சி, குடும்பநலக் கல்வி ஆகியவற்றை ஒரு முழு வட்டாரத்தில் செயல்படுத்திப் பார்த்து, அதன் படிப்பினைகளைப் பிற இடங்களுக்குக் கொண்டுசெல்வது நோக்கம். 1964இல் இப்பணி தனி நிறுவனமாக வளர்ந்தது. நெசவூரில் தொடங்கிய மகப்பேற்றுப் பணி இரு பதிற்றாண்டுக்குள் நாடு தழுவிய நலவாழ்வு விவாதத்தில் இடம்பெற்றது, தொண்டு ஆய்வாக வளர்ந்ததற்கு எடுத்துக்காட்டாகும்.

வளாகத்தின் உள்வாழ்வும் இக்கட்டத்தில் தனித்தன்மை பெற்றது. உறைவிட வாழ்வு, நாள்தோறும் கூட்டு வழிபாடு, துப்புரவுப் பணி, நூற்பு ஆகியன படிப்போடு இணைந்தன. 1957இல் வினோபா தொடங்கிய அமைதிப்படைக் கருத்து காந்திகிராமத்தில் மாணவர் அமைப்பாக உருமாறியது.

சௌந்தரம் இக்காலத்தில் அரசியலிலும் பங்காற்றினார். 1952இல் ஆத்தூர்த் தொகுதியிலிருந்தும் 1957இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டமன்றத்துக்கும், 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒன்றிய அரசில் கல்வித் துணையமைச்சராகவும் பணியாற்றினார். தொகுதியும் தொண்டுக்களமும் ஒன்றாக இருந்தமை நிறுவனத்துக்கு வலிமையளித்த கூறுகளில் ஒன்று எனலாம்.

இணைத்தகுதிச் சிக்கலும் பல்கலைக்கழகத் தகுதியும்

இத்திட்டத்தின் வலுவின்மையும் இக்கட்டத்திலேயே வெளிப்பட்டது. பட்டயம் முடித்தோர் பட்டதாரிகளுக்கு இணையானவர் என அரசு ஏற்றாலும், மேற்படிப்புச் சேர்க்கையில் பல்கலைக்கழகங்கள் தயக்கம் காட்டின. ஊருக்கென்றே வகுத்த படிப்பை முடித்த மாணவர், நகரத்துப் பட்டம் பெற்றவரோடு வேலைச் சந்தையில் போட்டியிடும்போது தம் கல்வியின் மதிப்பை விளக்க வேண்டியிருந்தது. ஊர்ப்புற மாணவருக்கு இரண்டாந்தரக் கல்வி தரப்படுகிறது என்னும் ஐயமும் எழுந்தது. அவ்வையத்தைக் கொள்கை விளக்கங்களால் மட்டும் போக்க இயலவில்லை. ஒரு குடும்பத்தின் முதல் கல்லூரி மாணவருக்குச் சான்றிதழின் ஏற்பு வாழ்வாதாரச் சிக்கலாகும்.

இதனிடையே தேசியக் கொள்கையும் திசைமாறியது. 1960இல் பந்த்நகரில் அமெரிக்க நிலமானியக் கல்லூரி முறையைப் பின்பற்றி வேளாண் பல்கலைக்கழகம் தோன்றியது. 1971இல் கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. உணவுத் தட்டுப்பாட்டின் அழுத்தத்தில் ஊர்ப்புறம் என்பது உற்பத்திக் களமாகவே முதன்மையாக நோக்கப்பட்டது. ஊர்வாழ்வு முழுவதையும் கல்வியின் பொருளாகக் கொண்ட 1949ஆம் ஆண்டுக் கனவு பின்தங்கியது. கிராமிய உயர்கல்வி நிலையங்கள் பல, அண்மைப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து வழக்கமான கல்லூரிகளின் தன்மையைப் பெற்றன.

காந்திகிராமம் வேறு வழியைப் பெற்றது. 1976 ஆகஸ்டில், பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசு அதற்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி அளித்தது. இராமச்சந்திரன் முதல் துணைவேந்தரானார். மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்துக்குள் அடங்காமல் தன் படிப்புகளைத் தானே வகுக்கவும், தன் பெயரில் பட்டம் வழங்கவும் இத்தகுதி வழிசெய்தது. இணைத்தகுதிச் சிக்கல் இதனால் பெருமளவு தீர்ந்தது.

மூன்றாங்கட்டம்: நிகர்நிலைப் பல்கலைக்கழகம் (1976 முதல்)

பல்கலைக்கழகத் தகுதி இருவகை விளைவுகளைக் கொணர்ந்தது. முதலாவது வளர்ச்சி. ஊரக மேம்பாடு, கூட்டுறவு, விரிவாக்கக் கல்வி, மனையியல், காந்தியச் சிந்தனை, தமிழ், வேளாண்மை, ஊரக நலமும் துப்புரவும், அறிவியல் துறைகள் எனப் படிப்புகள் விரிந்தன. முதுகலையும் முனைவர் பட்ட ஆய்வும் அமைந்தன. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் ஊராட்சி அமைப்புகளைப் பற்றிய ஆய்வும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கான பயிற்சியும் இந்நிறுவனத்தின் குறிப்பிடத்தக்க பணிகளாயின. மாணவர் சிலநாள் ஊர்களில் தங்கிக் கற்கும் கிராமத் தங்கல் திட்டம், பழைய மரபைப் புதிய பாடத்திட்டத்துக்குள் காத்தது.

இரண்டாவது விளைவு பிரிவு. மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், கதர்த் தொழில்கள் போன்றன அறக்கட்டளையின் பொறுப்பிலும் அதனோடு தொடர்புடைய அமைப்புகளின் பொறுப்பிலும் நிற்க, கற்பித்தலும் ஆய்வும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாயின. நிதியும் நெறிமுறைகளும் மானியக் குழுவிடமிருந்து வந்தன. முதற்கட்டத்தில் ஒன்றாக இருந்த தொண்டும் கல்வியும் இப்போது அண்டை நிறுவனங்களாயின. நெசவாளரின் தேவையிலிருந்து ஒரு கட்டடம் எழுந்த காலம் மாறி, துறையின் தேவையிலிருந்து கட்டடம் எழும் காலம் வந்தது. ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு, தர மதிப்பீடு ஆகிய அனைத்தும் நாடு முழுவதற்கும் பொதுவான அளவுகோல்களால் அளக்கப்பட்டன. ஆய்விதழில் வெளிவரும் கட்டுரையை எண்ணும் அவ்வளவுகோல், ஓர் ஊரின் கிணற்றுநீரைச் சோதித்து ஊர்மன்றத்தில் விளக்கிய பணியை எளிதில் எண்ணுவதில்லை. இதனை எவருடைய குறையாகவும் கொள்ள இயலாது. தகுதியைத் தந்த அதே சட்டகம் தந்த கட்டுப்பாடு இது.

நகரம் வளாகத்தை நோக்கி வருதல்

இக்கட்டத்தில் வளாகத்தைச் சூழ்ந்த நிலப்பரப்பும் மாறியது. 1866இல் நகராட்சியான திண்டுக்கல், 1985 செப்டம்பரில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த புதிய மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2014இல் மாநகராட்சியாகத் தரமுயர்ந்தது. மதுரைச் சாலை நான்குவழி நெடுஞ்சாலையாக விரிந்தது. மாவட்டத்தின் உயர்கல்வி நிலையங்கள் பலவும் நகர விளிம்பின் சாலையோரங்களில் எழுந்தன. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைத்தது.

பிற பல்கலைக்கழகங்கள் நகரிலிருந்து புறநகருக்குச் சென்றன. காந்திகிராமமோ நின்ற இடத்திலேயே புறநகர்த் தன்மையை அடைந்துவருகிறது. திண்டுக்கல்லின் பணியிடங்களுக்கும் மதுரையின் மருத்துவமனைகளுக்கும் நாள்தோறும் சென்றுவரும் குடும்பங்கள் சுற்றுப்புற ஊர்களில் வாழ்கின்றன. உழவோடு கூலிவேலை, சிறுவணிகம், ஓட்டுநர் பணி எனப் பல வருவாய்வழிகள் ஒரே வீட்டில் கலந்துள்ளன. தறியை மட்டும் நம்பிய வீட்டின் பிள்ளைகள் வேறு தொழில்களை நாடுகின்றனர். 1956இன் பாடத்திட்டம் கற்பனை செய்த கிராமம் இதுவன்று.

2022 நவம்பர் 11ஆம் நாள் நடந்த 36ஆம் பட்டமளிப்பு விழாவில் பிரதமர் நரேந்திர மோடி பங்கேற்றார். இசையமைப்பாளர் இளையராஜாவுக்கும் மிருதங்கக் கலைஞர் உமையாள்புரம் கே. சிவராமனுக்கும் மதிப்புறு முனைவர் பட்டங்கள் அளிக்கப்பட்டன. இந்நிறுவனம் தேசிய அளவில் பெற்றுள்ள இடத்தை அவ்விழா காட்டியது. எனினும் ஒரு கிராமியப் பல்கலைக்கழகத்தின் மதிப்பை விழா மேடையைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. அம்பாத்துரை நிலையத்தில் இறங்கி வரும் முதல்தலைமுறை மாணவருக்கு அது எதைத் தருகிறது, அவர் விட்டுவந்த ஊருக்கு எதைத் திருப்பித் தருகிறது என்பனவே அதன் உண்மையான அளவுகோல்கள்.

ஆய்வு முடிவுகள்

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன:

1. காந்திகிராம வளாகம் வரைபடத்திலிருந்து தொடங்கவில்லை. மருத்துவம், குழந்தை நலம், கைத்தொழில் ஆகிய தேவைகளிலிருந்து படிப்படியாக எழுந்தது. தமிழகத்தின் பிற புறநகர் வளாகங்களிலிருந்து அது வேறுபடும் அடிப்படை இதுவே.

2. 1949ஆம் ஆண்டு அறிக்கை முன்வைத்த சிறிய அளவு, உறைவிட வாழ்வு, ஊர்ப்பணி ஆகிய கூறுகளுக்கு 1956க்குப் பின் காந்திகிராமம் நடைமுறை வடிவம் தந்தது. அதற்கு முந்தைய தொண்டுப் பணியே இதை இயலச் செய்தது.

3. 1976ஆம் ஆண்டுத் தகுதி, மாணவரின் பட்டத்துக்கு ஏற்பளித்து அவர்களைக் காத்தது. அதேவேளை தொண்டையும் கல்வியையும் இரு நிர்வாகங்களாக்கியது. இழப்பை மட்டும் கூறுவோர் பட்டயதாரிகளின் இடர்ப்பாட்டை மறக்கின்றனர். ஈட்டத்தை மட்டும் கூறுவோர் தொடக்கக்கால ஒருமையை மறக்கின்றனர்.

4. திண்டுக்கல் சமவெளி இன்று நகரும் ஊரும் கலந்த வெளி. ‘கிராமியம்’ என்பதை இடப்பெயராகக் கொண்டால் அச்சொல் காலப்போக்கில் பொருளிழக்கும்; ஆய்வு வினாக்கள் எங்கிருந்து எழுகின்றன என்பதைக் குறிக்கும் சொல்லாகக் கொண்டால் அது வலுப்பெறும்.

முடிவுரை

1947இல் சின்னாளபட்டியைச் சூழ்ந்த ஊர்களுக்குத் தேவைப்பட்டவை மகப்பேற்று உதவியும் பள்ளியும் வாழ்வாதாரமும். இன்று அதே ஊர்களுக்குத் தேவைப்படுவன நிலத்தடி நீர் மேலாண்மை, நெசவுக்கு மாற்றுவழிகள், நகர விரிவாக்கத்தில் விளைநிலப் பாதுகாப்பு, ஊராட்சிகளின் நிர்வாகத் திறன் ஆகியனவாக இருக்கலாம். தேவைகள் மாறியுள்ளன, அவற்றைக் கேட்டறிந்து கல்வியாக்கும் முறை மாறவேண்டியதில்லை. காந்திகிராமத்தின் முக்கால் நூற்றாண்டு வரலாறு கற்பிப்பது அம்முறையையே. நகர விளிம்புகளில் புதிய வளாகங்கள் எழுந்துவரும் தமிழகத்தில், நிலம் எத்தனை ஏக்கர் என்று கேட்பதற்கு முன் அந்நிலத்தைச் சுற்றி வாழ்வோர் யாவர், அவர்க்கும் அவ்வளாகத்துக்கும் என்ன உறவு என்று கேட்பது உயர்கல்வித் திட்டமிடலின் முதற்கடமையாக அமைய வேண்டும்.